ஓடாத டிவிக்கு யார் பொறுப்பு?



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல், கடன் தவணை எல்லாம் முடிந்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. கிளம்பும் நேரத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார்: "அக்கா, வீட்ல பழைய டிவி ஒண்ணு ஓடாம கிடக்கு. பழைய இரும்புக்காரர் நூறு ரூபாய் தர்றேங்கிறார். கொடுத்துடலாமா? இல்ல, நாமே உடைச்சு உள்ள இருக்கற செம்பை எடுத்து வித்தா கூடக் கிடைக்குமா?"

பக்கத்தில் இருந்த அம்மா சொன்னார்: "எங்க தெருவுல வயரைக் கொளுத்தித்தான் செம்பு எடுக்கறாங்க. புகை வந்தா கண்ணு எரியுது. ஆனா அவங்களுக்கும் அதுதானே பொழைப்பு, என்னன்னு சொல்றது?"

அன்று இரண்டு பேருக்கும் எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை இந்த மாதப் பாடமாகத் தருகிறோம். ஊக்குநர்கள் இதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011-லிருந்து மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் வந்தன. அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு செல்போன். அவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி, பரணிலும் மூலையிலும் கிடக்கின்றன. இப்படித் தூக்கிப் போடும் மின்சாரப் பொருட்களையும் செல்போன், கம்ப்யூட்டர் போன்றவற்றையும் மின்னணுக் கழிவு என்கிறோம்.

இதில் நல்லதும் உண்டு, நஞ்சும் உண்டு. நல்லது என்னவென்றால் செம்பு, அலுமினியம், இரும்பு, கொஞ்சம் வெள்ளி, கொஞ்சம் தங்கம். ஒரு டன் பழைய செல்போன்களைச் சேர்த்தால் அதில் 300 கிராம் வரை தங்கம் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தங்கச் சுரங்கத்தில் ஒரு டன் பாறையை உடைத்தாலும் பெரும்பாலும் சில கிராம்தான் கிடைக்கும்.

நஞ்சு என்ன? முதலில் காரீயம். பாத்திரத்துக்குப் பூசுகிறோமே, அந்த ஈயம் வெள்ளீயம். இது வேறு, காரீயம். பழைய பெட்டி டிவியின் பிக்சர் டியூப் கண்ணாடியில், டிவியின் அளவைப் பொறுத்து, அரை கிலோவில் இருந்து சில கிலோ வரை காரீயம் கலந்திருக்கும். டியூபுக்குள் உண்டாகும் எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுக்கத்தான் அதைக் கலந்தார்கள். உள்ளே இருக்கும் பச்சை போர்டில் பற்றவைத்திருப்பதிலும் காரீயம் உண்டு. டியூப்லைட்டிலும் பழைய சுருள் பல்பிலும் பாதரசம் இருக்கிறது. சில பழைய பேட்டரிகளில் காட்மியம் இருக்கிறது. வயரின் மேல் இருக்கும் பிளாஸ்டிக்கைக் கொளுத்தினால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு புகையாக வரும்.

பயப்பட வேண்டாம். டிவி முழுதாக இருக்கும் வரை இவை உள்ளேயே கிடக்கும். பார்ப்பதாலோ துடைப்பதாலோ ஒன்றும் ஆகாது. உடைக்கும்போதும், எரிக்கும்போதும், குப்பைமேட்டில் கிடந்து நொறுங்கும்போதும்தான் அவை வெளியே வருகின்றன.

குய்யூ என்ற ஊர் சொல்லும் பாடம்

உடைத்தும் எரித்தும் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு ஊரே சாட்சியாக இருக்கிறது. சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் உள்ள குய்யூதான் அது. ஒரு காலத்தில் நெல் விளைந்த ஊர். 1990-களில் அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் பழைய கம்ப்யூட்டர்களும் டிவிகளும் கப்பலில் வந்து, கடைசியில் அங்கே குவிந்தன. அந்த நாடுகளில் ஒழுங்காகப் பிரித்தெடுக்கச் செலவு அதிகம். அதனால் பழசை ஏழை ஊருக்குத் தள்ளிவிட்டார்கள்.

குய்யூவில் வீட்டு வாசலிலேயே வேலை நடந்தது. பெண்கள் நிலக்கரி அடுப்பில் போர்டை வாட்டி, காரீயம் உருகியதும் சில்லுகளைப் பிடுங்கி எடுத்தார்கள். ஆற்றங்கரையில் திராவகத்தில் ஊறப்போட்டுத் தங்கம் பிரித்தார்கள். வயரைக் கொளுத்திச் செம்பு எடுத்தார்கள். வருமானம் வந்தது உண்மைதான். ஆனால் ஊர்த் தண்ணீர் கெட்டுப்போய், குடிக்கும் தண்ணீரை வெளியூரில் இருந்து லாரியில் கொண்டுவர வேண்டியதாயிற்று.

2004-ல் அந்த ஊரில் 6 வயதுக்கு உட்பட்ட 165 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 135 குழந்தைகளின் ரத்தத்தில், அந்தக் காலத்தில் அபாய எல்லை என்று வைத்திருந்த அளவுக்கு மேல் காரீயம் இருந்தது. அதாவது 100-க்கு 82 பேர். அந்தக் குழந்தைகள் யாரும் போர்டு உடைக்கவில்லை. அம்மாவின் சேலையிலும், வீட்டுத் தரையிலும், காற்றிலும் வந்த தூசுதான் அவர்களுக்குள் போயிற்று.

காரீயம் என்ன செய்யும்? குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். படிப்பு ஏறாது, கவனம் நிற்காது, ரத்தசோகை வரும். கர்ப்பிணியின் ரத்தத்தில் இருந்து வயிற்றில் உள்ள பிள்ளைக்கும் போகும். இதில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகம் முழுவதும் 1 கோடியே 29 லட்சம் பெண்கள் முறைசாராக் கழிவுத் தொழிலில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் மின்னணுக் கழிவின் நஞ்சு சேரும் ஆபத்து உண்டு என்று 2021-ல் அந்த நிறுவனம் எச்சரித்தது.

2015 முடிவோடு குய்யூவின் வீட்டுப் பட்டறைகளை அரசு மூட வைத்து, வேலையை ஒரு தொழிற்பேட்டைக்குள் கொண்டுபோனது. ஆனால் மண்ணுக்குள் போன காரீயம் எங்கும் போகாது. நம் நாட்டில் டெல்லியின் சீலம்பூரிலும், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் இதே வேலை, இதே முறையில் நடந்து வந்திருக்கிறது. நம் தெருவில் வயர் எரிப்பது அதன் சின்ன வடிவம். எரிப்பவரைத் திட்டிப் பயனில்லை. அவர் நம்மைப் போன்றவர்தான். புகை முதலில் போவதும் அவர் பிள்ளைக்குத்தான்.

அப்படியானால் பொறுப்பு யாருடையது?

ஒரு கல்யாணத்தில் சமையல் ஒப்பந்தம் எடுத்தவர், சமைத்துப் பரிமாறி, காசையும் வாங்கிக்கொண்டு, எச்சில் இலையை அடுத்த வீட்டு வாசலில் கொட்டிவிட்டுப் போனால் சும்மா விடுவோமா? 'இலை எடுப்பதும் உன் வேலைதானப்பா' என்று கேட்க மாட்டோமா?

டிவி, செல்போன் செய்கிற கம்பெனிகளிடம் உலகம் கேட்டதும் இதே கேள்விதான். 1990-ல் சுவீடன் நாட்டைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்குவிஸ்ட் என்பவர் இந்தக் கருத்துக்கு ஒரு பெயர் கொடுத்தார்: உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு. பெயர்தான் நீளம், விஷயம் எளிது. பொருளை விற்றவுடன் கம்பெனியின் பொறுப்பு முடிவதில்லை. அது பழசாகி, பிரிக்கப்பட்டு, நஞ்சு பாதுகாப்பாக ஒதுக்கப்படும் வரை பொறுப்பு அவர்களுடையது. அந்தச் செலவையும் அவர்கள்தான் ஏற்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பழசைப் பிரிக்கும் செலவு தன் தலையில் விழும் என்று தெரிந்தால், கம்பெனி செய்யும்போதே யோசிக்கும். நஞ்சைக் குறைக்கும், எளிதாகக் கழற்றும்படி செய்யும், நீண்ட நாள் உழைக்கும்படி செய்யும். செலவு ஊரார் தலையில் விழுந்தால் அவர்களுக்கு என்ன கவலை?

ஐரோப்பிய நாடுகள் 2003-ல் இதைச் சட்டமாக்கின. 2006 ஜூலை முதல், காரீயம், பாதரசம், காட்மியம் உட்பட 6 நச்சுப் பொருட்களை அளவுக்கு மேல் சேர்த்த மின்னணுப் பொருட்களை அங்கே விற்கக் கூடாது என்றும் ஆயிற்று. 'காரீயம் இல்லாமல் பற்றவைக்கவே முடியாது' என்று சொன்னவர்களும் மாற்று வழி கண்டுபிடித்தார்கள். வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளியும் செம்பும் சேர்த்துப் பற்றவைக்கும் முறை பரவியது. சந்தை மூடிவிடும் என்றால் வழி தானாகப் பிறக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் மின்னணுக் கழிவுக்கென்று முதல் விதிகள் 2011-ல் வந்தன. 2012 மே மாதம் அமலுக்கு வந்தன. நச்சுப் பொருள் கட்டுப்பாடு 2014 மே மாதம் முதல். 2016-ல் விதிகளைத் திருத்தினார்கள். பிறகு 2022-ல் புதிய விதிகள் போட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். முன்பு 21 வகைப் பொருட்கள்தான் பட்டியலில் இருந்தன, இப்போது 106.

புதிய முறை இப்படி: ஒரு கம்பெனி முந்தைய ஆண்டுகளில் விற்ற அளவை வைத்து, இந்த ஆண்டு எவ்வளவு பழசாகி இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். அதில் முதல் இரண்டு ஆண்டுகளில் 100-க்கு 60 பங்கு, 2025-26-ல் இருந்து 70 பங்கு, 2027-28-ல் இருந்து 80 பங்கு மறுசுழற்சி ஆனதற்குக் கம்பெனி சான்று காட்ட வேண்டும். பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை பழசைப் பிரித்துத் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் எடுத்துச் சான்றிதழ் பெறும். கம்பெனி அந்தச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கும். அந்தக் காசில்தான் ஆலை ஒழுங்காக நடக்க வேண்டும்.

இங்கேதான் தகராறு வந்தது. கம்பெனிகள் சான்றிதழை அடிமாட்டு விலைக்குக் கேட்டால் நல்ல ஆலை எப்படி நடக்கும்? அதனால் 2024-ல் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். வீட்டு மின்னணுப் பொருட்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய். இதனால் செலவு பல மடங்கு கூடுகிறது, அரசு விலை வைக்கக் கூடாது என்று 2025-ல் சில பெரிய கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. விலை இல்லையென்றால் வேலை முழுதும் முறைசாராப் பட்டறைக்கே போய்விடும் என்பது அரசின் வாதம். கோடிக்கணக்கில் விற்பவர்களே கிலோவுக்கு 22 ரூபாய்க்கு வழக்குப் போடுகிறார்கள் என்றால், பொறுப்பு என்பது தானாக வருவதில்லை, கேட்டு வாங்க வேண்டியது என்று நமக்குப் புரிகிறது அல்லவா?

உலக அளவிலும் கணக்கு நன்றாக இல்லை. 2022-ல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கு இருப்பது 100-க்கு 22 பங்குதான்.

எங்கள் அலுவலகத்தில் நடந்தது

சட்டம் ஊருக்குள் வந்திருக்கிறதா? எங்கள் கூட்டமைப்பு அலுவலகத்திலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரும் பிரிண்டரும் கிடந்தன. கம்பெனி எண்ணுக்குப் போன் செய்தோம். 'ஒன்றிரண்டுக்கு எல்லாம் வண்டி அனுப்ப முடியாது, நகரத்தில் உள்ள சென்டருக்குக் கொண்டு வாங்க' என்றார்கள். பஸ்ஸில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யார் போவது? டிக்கெட் காசு நம்முடையது, ஒரு நாள் வேலையும் போகும். பழைய இரும்புக்காரரோ வாசலுக்கே வந்து கையில் பணம் கொடுக்கிறார். அந்தக் காலத்தில் பேரீச்சம்பழம் கொடுத்து வாங்கினார்கள், இன்று நூறு ரூபாய். நம் உறுப்பினர் எதைத் தேர்ந்தெடுப்பார்? தப்பு அவருடையது அல்ல.

அப்போதுதான் எங்களில் ஒருவர் சொன்னார்: "நாம ஒவ்வொருத்தரா பேங்குக்குப் போனப்போ வாசல்லயே நிக்க வச்சாங்க. குழுவாப் போனப்போ மேனேஜரே நம்ம ஊருக்கு வந்தார். இதையும் அப்படிச் செஞ்சா என்ன?"

30 குழுக்களின் வீடுகளில் கிடக்கும் பழசை ஒரே நாளில் ஓரிடத்தில் சேர்த்தால் ஒரு மினி லாரி நிறையும். மினி லாரி நிறையப் பொருள் இருந்தால் பதிவு பெற்றவரே வந்து எடுக்க வாய்ப்பு உண்டு. ஒரு டிவிக்கு இல்லாத பலம் நூறு டிவிக்கு உண்டு.

இது நடக்காத காரியம் இல்லை. மகாராஷ்டிராவின் புனே நகரில், குப்பை சேகரிப்பவர்களே உரிமையாளர்களாக நடத்தும் 'ஸ்வச்' என்ற கூட்டுறவு இருக்கிறது. பெரும்பாலும் பெண்கள். அவர்கள் வீடுகளில் இருந்து பழைய மின்னணுப் பொருட்களையும் சேகரிக்கிறார்கள். ஜப்பானில் 2017 ஏப்ரலில் இருந்து 2019 மார்ச் வரை பொதுமக்கள் கொடுத்த சுமார் 79,000 டன் பழைய சாதனங்களில் இருந்து 32 கிலோ தங்கம், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலம் எடுத்தார்கள். அவற்றில் செல்போன் மட்டும் 62 லட்சம். டோக்கியோ ஒலிம்பிக்கில் கொடுத்த சுமார் 5,000 பதக்கங்களும் அதில்தான் செய்தவை.

வாங்கும்போதே கேட்போம்

கழிவைக் குறைக்க நல்ல வழி, பொருள் நீண்ட நாள் உழைப்பதுதான். முன்பெல்லாம் செல்போனின் பின்மூடியைத் திறந்து பேட்டரியை நாமே மாற்றினோம். இப்போது பல போன்களில் ஒட்டி மூடிவிடுகிறார்கள். பேட்டரி போனால் போனே போயிற்று என்று புதிது வாங்கச் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல், ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று செல்போன் கம்பெனிகளுக்கு விதி வந்திருக்கிறது. நம் நாட்டிலும் பழுது பார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் மத்திய அரசு ஒரு இணையதளம் தொடங்கியது. கடையில் நாமும் கேட்கலாம்: "இதுக்கு உதிரி பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும்? பேட்டரி தனியா மாத்தலாமா? பழசைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?" பத்து பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார்.

நினைவில் வையுங்கள்

செய்யக் கூடாதவை:
1. வயரையும் போர்டையும் எரிக்காதீர்கள், அடுப்புப் பற்றவைக்கவும் போடாதீர்கள்.
2. டிவி பிக்சர் டியூபை உடைக்காதீர்கள். வெடித்துக் கண்ணாடி தெறிக்கும், காரீயத் தூசும் பறக்கும்.
3. செல்போன் பேட்டரியைக் குத்தவோ நசுக்கவோ கூடாது. உப்பிப்போன பேட்டரியை உடனே நிறுத்திவிடுங்கள். தீப்பிடிக்கும்.
4. பழைய போர்டு, ரிமோட் செல் இவற்றைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள்.
5. கிணற்றடியிலும் வாய்க்காலிலும் கொட்டாதீர்கள்.

செய்ய வேண்டியவை:
1. பழுது பார்க்க முடிந்ததைப் பழுது பாருங்கள். நம் ஊர் மெக்கானிக்குக்கும் பிழைப்பு ஆகும்.
2. ஓடாத பொருளை உடைக்காமல், நனையாமல், தனியாக வையுங்கள்.
3. பில்லையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள்.
4. பொருளின் பின்பக்கம் சக்கரம் வைத்த குப்பைத் தொட்டியில் பெருக்கல் குறி போட்ட படம் இருந்தால், அதைச் சாதாரணக் குப்பையில் போடக் கூடாது என்று அர்த்தம்.
5. கடையோ கம்பெனியோ நியாயமாக நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லுங்கள்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். வயர் எரிப்பவரின் பிழைப்பைப் பறிக்க நாம் சொல்லவில்லை. எரிக்காமல், தோலை உரித்துச் செம்பு எடுத்தால் நச்சுப் புகை இல்லை. சேகரிப்பு தொடங்கினால் வீடு வீடாகப் போய் எடுத்துவரும் வேலையை அவருக்கே கொடுக்கலாம். அவரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

குழுவில் பேசுவதற்கு

1. நம் உறுப்பினர் வீடுகளில் ஓடாத டிவி, செல்போன், மிக்சி, பல்பு எத்தனை கிடக்கின்றன? இந்தக் கூட்டத்திலேயே எண்ணி எழுதுங்கள்.
2. நம் தெருவில் எங்கே வயர் எரிக்கிறார்கள்? அங்கே விளையாடும் குழந்தைகள் எத்தனை பேர்?
3. சேகரித்து வைக்க மழை படாத இடம் ஊராட்சியில் எது?
4. அடுத்த கிராம சபையில் இதை யார் எழுந்து பேசுவது?

கணக்கைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதிகள் கொண்டு வாருங்கள். எல்லாக் குழுக்களின் கணக்கையும் சேர்த்து, கம்பெனிகளுக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும், ஊராட்சிக்கும் ஒரே கடிதமாக எழுதுவோம். விற்கும்போது நம் ஊரைத் தேடி வந்தவர்கள், பழசை எடுக்கவும் வரட்டும். வரும் வரை கேட்போம்.